மொட்டை மாடி, மூணு கிலோவாட், ஒரு பழைய வேட்டி

திருச்சியில எதுக்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது, அந்த தைரியத்துலதான் போன வருஷம் மாடியில சோலார் போட்டோம். 540 வாட் பேனல் 6, மொத்தம் 3 கிலோவாட் சொச்சம். மாடி சோலாருக்கு மத்திய அரசு குடுக்கிற பிஎம் சூர்ய கர் மானியம் 78,000 அக்கவுண்ட்ல ஏறின அன்னைக்கு தலைகால் புரியல. காலைல 6 டு சாயங்காலம் 6, 12 மணி நேரம், இன்ட்டு 3, ஆக ஒரு நாளைக்கு 36 யூனிட், ரெண்டு ஏசியும் ஓட்டிட்டு மிச்சத்தை ஊருக்கே குடுக்கலாம்னு வீட்டம்மாகிட்ட அளந்து விட்டேன். மாட்ட வந்த பையன் காதுல விழுந்துருச்சு போல. "சார், 12, 13 வந்தா கோயிலுக்கு ஒரு தேங்கா உடைங்க"ன்னுட்டு போயிட்டான்.

அவன் சொன்னதுதான் நடந்துச்சு. கிலோவாட்டுக்கு 4 யூனிட், அவ்ளோதான். காலைலயும் சாயங்காலமும் சாய்ஞ்ச வெயில் பேருக்குத்தான், 10 மணிக்கு மேல 2 மணி வரைக்கும்தான் அறுவடை. ஐப்பசி மழைல ஒரு நாள் மொத்தமே 2 யூனிட், அதை ஆப்ல பார்த்துட்டு எனக்கு ராத்திரி சோறு இறங்கல.

ஆமா, அந்த ஆப். அதுதான் குடும்பத்தைக் கெடுத்தது. ஆபீஸ் மீட்டிங்ல மேஜைக்கு அடியில போனை வச்சு பார்த்துட்டே இருப்பேன், மேகம் போனா 600 வாட், விலகினா 2,500, பங்குச்சந்தை தோத்துரும்.

சரி, சித்திரை வரட்டும், அக்னி நட்சத்திரத்துல பிச்சு உதறும்னு காத்திருந்தா, மாசியில 2,600 தொட்டது சித்திரையில 2,300 தாண்ட மாட்டேங்குது! அந்தப் பையனுக்கே போன் போட்டேன். பேனலுக்கு வெளிச்சம்தான் வேணுமாம், சூடு ஆகாதாம். 540 வாட்ங்கிறதே பேனல் 25 டிகிரில இருக்கும்போது அளந்ததாம், நம்ம மாடியில அது 60க்கு மேல கொதிக்குது, 25க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதத்துக்கு மேல போயிட்டே இருக்குமாம். சூடு ஜாஸ்தியானா கரண்ட் கம்மி, இதை எந்த வாத்தியாரும் எனக்கு சொல்லித் தரல.

இதுல ஒரு நாள், நல்ல உச்சி வெயில், வானத்துல பொட்டு மேகம் இல்ல, ஆப்ல 1,200ன்னு காட்டுது. பாதி காணோம். பர்மிஷன் போட்டு வீட்டுக்கு ஓடி வந்து மாடி ஏறினேன். ரெண்டு பேனல் மேல எங்கப்பாவோட பழைய வேட்டி, நாலு மூலைக்கும் கல்லு, நடுவுல வரிசை வரிசையா கூழ் வத்தல். மூணாவது பேனல்ல காக்கா வராம இருக்க கறுப்புக் குடை, விரிச்சு கட்டி வச்சிருக்கு. அம்மா ஓரமா நிழல்ல உக்காந்து கை கழுவிட்டு இருக்காங்க.

"என்னம்மா இது?"

"தரையில போட்டா மண்ணு ஒட்டுது தம்பி. இது இடுப்பு உசரத்துக்கு, கண்ணாடி மாதிரி சுத்தமா, லேசா சரிவா இருக்கு. குனிய வேண்டாம் பாரு. என்னா சூடு!"

நிழல் விழுந்த பேனல் வேலை செய்யாதுன்னு அரை மணி நேரம் விளக்கினேன், அந்தக் கல்லு கண்ணாடில கீறல் போட்டுருமோன்னு வேற வயித்தைக் கலக்குது. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ இது ஓடாத நாள் பார்த்து போட்டுக்கிறேன்"னாங்க. வெயில் அடிக்கிற நாள் எல்லாம் ஓடும்மான்னு சிரிச்சுட்டு இறங்கிட்டேன்.

அடுத்த வாரம் பராமரிப்பு வேலைக்காக எங்க தெருவுல காலைல 9 மணிக்கே கரண்ட் கட். மாடியில வெயில் கொளுத்துது, வீட்டுக்குள்ள ஃபேன் சுத்தல. லைன்ல கரண்ட் இல்லன்னா பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டரும் தானா நின்னுரும், இல்லன்னா நம்ம கரண்ட் வெளிய போய் கம்பத்துல வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிச்சுரும். பேட்டரி வாங்காம மிச்சம் புடிச்ச புத்திசாலி நான், பனியனோட விசிறிட்டு உக்காந்திருந்தேன்.

அம்மா கூழ் அண்டாவைத் தூக்கிட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. "இன்னைக்கு சும்மாதானே கிடக்கு?"

பதில் இல்ல. குடையை நான்தான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன்.

கரண்ட் 2 மணிக்கு வந்துருச்சு. வத்தல் காய 5 மணி ஆச்சு.