சென்ட்ரல் லைன் தணிக்கை: படிவமும் படுக்கையருகும்

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக, எங்கள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தி வைக்கும் மெல்லிய குழாய்) பராமரிப்பைத் தணிக்கை செய்யும் பொறுப்பை ஏற்றதும், பழைய சரிபார்ப்புப் படிவங்களைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். கைச் சுத்தம், உடல் முழுவதையும் மூடும் கிருமி நீக்கிய விரிப்பு, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், லைன் இன்னும் தேவையா என்று அன்றாடம் பார்த்தல் என எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது. ஒரு மாதத்து டிக்குகள் அனைத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்ததால், படிவங்களை மூடி வைத்துவிட்டுப் படுக்கையருகே நின்று பார்க்கத் தொடங்கினேன்.

லைன் போடுவதில் பெரிய குறை இல்லை. கோளாறெல்லாம் அதற்குப் பிந்தைய நாட்களில்தான் இருந்தது. மருந்து செலுத்துமுன் ஹப்பை (சிரிஞ்சை இணைக்கும் லைனின் வெளிமுனை) ஆல்கஹால் ஸ்வாப்பால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, அது உலர்ந்த பிறகே சிரிஞ்சை இணைக்க வேண்டும் என்பது எங்கள் நெறிமுறை. எல்லோரும் தேய்த்தார்கள், உலரும்வரை பொறுத்தவர்கள் மிகச் சிலரே. இரவுப் பணியில், ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் நார்அட்ரினலின் மருந்து தீரப்போகிறதென்று பம்ப் அலறும்போது ஸ்வாப் பெட்டி வார்டின் மறுகோடி டிராலியில் இருந்தால், செவிலியரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு பெட்டி வைத்த பிறகு நிலைமை கண்கூடாக மாறியது.

ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாட்களுக்கு ஒருமுறையும், காஸ் (வலைத்துணி) டிரெஸ்ஸிங்கை 2 நாட்களுக்கு ஒருமுறையும், நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ உடனேயும் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு நோயாளியின் கழுத்து லைனில், வியர்வையால் பெயர்ந்த ஓரத்தின் மேலேயே மைக்ரோபோர் டேப்பை ஒட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். மாற்றிய தேதியும் எழுதப்படவில்லை.

கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. ரத்த ஓட்டத் தொற்று விகிதத்தை 1,000 லைன் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறோம். லைன் உள்ள ஒரு நோயாளியின் ஒரு நாளே ஒரு லைன் நாள். ஒரே நோயாளிக்கு இரண்டு லைன்கள் இருந்தாலும் அது ஒரு லைன் நாள்தான். இங்கோ இரண்டாக எண்ணியதால் வகுக்கும் எண் பெருத்து, விகிதம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. இதைத் திருத்தினால் விகிதம் கூடுமே என்று நிர்வாகம் தயங்கியது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மூத்த மருத்துவர்களிடம் பேசும்போது, அமெரிக்காவின் மிச்சிகனில் இதே எளிய நடைமுறைகளால் தொற்று விகிதத்தின் இடைநிலை மதிப்பு 2.7இலிருந்து 3 மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கியதாக 2006இல் வெளியான ஆய்வு கைகொடுத்தது. லைன் தேவையா என்ற கட்டத்தில் இப்போது டிக் போட முடியாது. காரணத்தை எழுத வேண்டும். "ரத்தம் எடுக்க வசதி" என்று எழுதப்பட்ட லைன்கள் அன்றைய ரவுண்ட்ஸிலேயே அகற்றப்படுகின்றன.