காஸ் பிரெக்கரை யார் கண்ணால் பார்த்தேன்? ஆள்வாரியாக ஒரு மறுவாசிப்பு

லீ பார்டூகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' நாவலில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தலைப்பு ஒரு பாத்திரத்தின் பெயர்தான். இனேஜ், காஸ், நீனா, மத்தியாஸ், ஜெஸ்பர் என்று மாறி மாறி வரும். யார் பெயர் போட்டிருக்கிறதோ அவர் கண் வழியாகத்தான் அந்த அத்தியாயம் நகரும். முதல் தடவை கதை இழுத்த இழுப்புக்கு ஓடிவிட்டேன். முடித்த பிறகு திருட்டுத் திட்டத்தின் நுணுக்கங்கள் மெல்ல மறந்துபோயின, ஆட்கள் மட்டும் போக மறுத்தார்கள். வேறு புத்தகம் எடுத்தாலும் 'இந்த இடத்தில் காஸ் என்ன செய்திருப்பான்' என்றே யோசனை ஓடியது. இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று பார்க்கத்தான் மறுவாசிப்பை வேறு மாதிரி செய்தேன். வரிசையை விட்டுவிட்டு ஒருவரின் அத்தியாயங்களை மட்டும் பொறுக்கி முழுதாகப் படிப்பது, பிறகு அடுத்தவர். பக்கத்தில் ஒரு நோட்டு. மனசு இளகிய இடத்துக்கெல்லாம் பக்க எண்.

(முதல் புத்தகத்தின் முடிச்சுகள் கீழே அவிழும். படிக்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

பின்னணி சுருக்கமாக: 2015இல் வந்த நாவல். கதை தொடங்கும் கெட்டர்டாம் என்ற துறைமுக நகரம் பழைய டச்சுக் குடியரசின் சாயலில் உருவானது. பதின்வயதினர் ஆறு பேர், யாராலும் உடைக்க முடியாதென்று பெயர் வாங்கிய பனிக்கோட்டைக்குள் புகுந்து ஒரு விஞ்ஞானியை வெளியே கொண்டுவர வேண்டும். பேசிய கூலி 3 கோடி க்ரூகே. தலைவன் காஸ் பிரெக்கர், வயது 17. அந்த வயதை நான் ஒருபோதும் நம்பியதில்லை. மனசுக்குள் எல்லாருக்கும் ஏழெட்டு வயது கூட்டித்தான் படிக்கிறேன்.

முதலில் காஸ்

எனக்கு அதிகம் பிடித்தவன் என்பதால் அவனில் தொடங்கினேன். அவன் அத்தியாயங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படித்ததில் கிடைத்தது நான் எதிர்பாராதது. நோட்டில் பக்க எண் ஏறவே இல்லை.

அவன் மண்டைக்குள் இருப்பதெல்லாம் கணக்கு. யாரை எப்படி மடக்கலாம், எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, சிறுவயதில் தன்னை ஏமாற்றிய பெக்கா ரோலின்ஸை எப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கலாம். பழைய கதை நெஞ்சைப் பிசைவதுதான். அண்ணன் ஜோர்டியோடு நகரத்துக்கு வந்த சிறுவன் பணத்தையெல்லாம் ஏமாந்து தெருவுக்கு வருகிறான். பிறகு கொள்ளைநோய். செத்துவிட்டான் என்று பிணங்களோடு பிணமாக வீசப்பட்டவன், அண்ணனின் உடலையே தெப்பமாகப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரையேறுகிறான். அதன்பின் யாருடைய தோலும் அவன்மேல் பட்டால் தாங்காது. எப்போதும் கையுறை போட்டிருப்பதன் ரகசியம் அதுதான்.

பரிதாபம் வந்தது, வியப்பும் வந்தது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பிரியம் மட்டும் வரவில்லை. அவன் அத்தியாயங்களில் அவனே தன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். தன் கூட்டத்தின் உளவாளி இனேஜ் தனக்கு ஒரு முதலீடு, அவ்வளவுதான் என்கிறான். பொய் சொல்கிறவன் கூடவே நடந்தால் பொய் தெரியும், ஆளின் அழகு தெரியாது.

ஊன்றுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கித் திருட்டில் கூரையிலிருந்து விழுந்து கால் உடைந்தவன், எலும்பு சரியாகக் கூடவே இல்லை. அவன் நொண்டுவதை மற்ற பல நாவல்களில் வருவதுபோல் அலங்காரமாக ஒட்டவில்லை. எங்கே போனாலும் அந்த வலி கூடவே வருகிறது. தனக்கு எலும்புத் திசு மடியும் நோய் இருப்பதையும், சில நாட்களில் தானும் கோல் ஊன்றி நடப்பதையும் பார்டூகோ நன்றியுரையில் எழுதியிருக்கிறார். முதல் வாசிப்பில் நன்றியுரையை யார் படிக்கிறார்கள்! இந்த முறை அதைப் படித்துவிட்டு, கோல் வரும் இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போனேன்.

அடுத்து இனேஜ்

இங்கேதான் நோட்டு நிரம்பியது.

நாவலின் முதல் அத்தியாயம் ஜூஸ்ட் என்ற காவலாளியுடையது, அதில் காஸ் இல்லை. இரண்டாவது இனேஜுடையது. பங்குச் சந்தை முற்றத்தில் எதிர்க்கோஷ்டியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. அவள் சத்தமில்லாமல் கூரைக்கு ஏறுகிறாள், கீழே காஸ் கோலை ஊன்றியபடி நின்று எதிராளியைப் பேச்சாலேயே மடக்குகிறான். அவனை நாம் முதன்முதலில் பார்ப்பதே அவள் கண்ணால்தான். அவன் தலைக்குள் நுழைவது அதற்கப்புறம். வரிசையாகப் படித்தபோது இது தட்டுப்படவே இல்லை. பிரித்துப் படித்ததும் பளிச்சென்று தெரிந்தது.

அவன் தலை திருப்புவது, குரல் கரகரப்பது, எப்போது நகைச்சுவை, எப்போது நிஜக் கோபம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கவனிப்பதை நானும் கவனித்திருக்கிறேன். அவ்வளவுதான் என் 'காதல்' சமாசாரம்! இந்த உத்தி நமக்குப் புதிதும் அல்ல. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் அந்த மலைநாட்டுக்காரனின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நிலம், வானம், கடல் என்று தலைவி தன் காதலை அளந்து சொல்வதை மட்டும் கேட்கிறோம், அவன் பெரிய ஆளாகிவிடுகிறான்.

கடைசியில் கப்பலில் வரும் காட்சியும் இனேஜின் அத்தியாயம்தான். போகாதே, என்னோடு இரு என்கிறான். கவசத்தைக் கழற்றிவிட்டு வருவதானால் வா என்கிறாள் அவள். அவன் பதில் சொல்வதில்லை. உள்ளே என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இதே இடத்தை காஸின் பக்கமிருந்து எழுதியிருந்தால் இரண்டு பத்தி விளக்கத்தில் வீணாகியிருக்கும்.

ஆனால் என் கணக்கைக் குலைத்தவளும் இவள்தான். இனேஜைப் பிடித்துப்போக வேறு யார் கண்ணும் தேவைப்படவில்லை. எரியூட்டிப் புகைபோக்கிக்குள் அவள் ஏறும் அத்தியாயம்: கீழே நெருப்பு இன்னும் அணையவில்லை, காலணியின் ரப்பர் அடி உருகுகிறது, சுவரில் பிடி வழுக்குகிறது. அங்கே தொங்கிக்கொண்டுதான் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறாள். சொந்தமாக ஒரு கப்பல், தன்னைக் கடத்தி விற்றவர்களைப் போன்ற அடிமை வியாபாரிகளைத் துரத்தும் வேட்டை. அந்த ஆசைக்குள் காஸ் முதன்மையாக இல்லை. அந்தப் பக்கத்தில் நான் எண் எழுதவில்லை, ஓரம் முழுக்கக் கோடு இழுத்திருக்கிறேன்.

நீனாவும் மத்தியாஸும்

இவர்களைத் தனித்தனியாகப் படித்தது கொஞ்சம் ஆபத்தான வேலை. மத்தியாஸை மட்டும் படித்தால் நீனா ஒரு துரோகி. பொய்ச் சாட்சி சொல்லி அவனை ஹெல்கேட் சிறைக்கு அனுப்பியவள். அவன் பக்கம் முழுசாகச் சாய்ந்துவிட்டேன். அடுத்து நீனாவைப் படித்தால், அந்தப் பொய் இல்லாவிட்டால் அவனுக்கு எதிரிகளான அவளுடைய ஆட்களிடமே அவன் சிக்கியிருப்பான் என்பது தெரிகிறது. அவளைத் திட்டிய வாயை அவளே மூடவைத்தாள். மத்தபடி, காதல் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட இந்த ஜோடியைவிட, தொடக்கூட முடியாத மற்ற ஜோடிதான் என்னை அதிகம் பாதித்தது.

வைலன்

ஆறு பேரில் ஒருவனான வைலனுக்கு முதல் புத்தகத்தில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அப்படியானால் அவனை எப்படிப் படிப்பது? மற்றவர்களின் அத்தியாயங்களில் அவன் தலைகாட்டும் வரிகளைத் தேடித் தேடி நோட்டில் எழுதினேன். முக்கால்வாசி ஜெஸ்பரிடமிருந்து கிடைத்தவை, அதிலும் பெரும்பாலும் கிண்டல். வெடிமருந்து செய்யத் தெரியும், புல்லாங்குழல் வாசிப்பான், பணக்கார வீட்டுப் பிள்ளை என்று சீண்டினால் முகம் சிவக்கும். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது என்பதைக் கடைசியில் அவன் அப்பா வாயால், அதுவும் இகழ்ச்சியாகத்தான் கேட்கிறோம். துண்டு துண்டாக எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் அவன் இல்லாத இடத்தில் ஒரு முழு ஆள் நிற்கிறான். ஜெஸ்பரின் கண்ணுக்கு நன்றி. ஜெஸ்பர் தன் அத்தியாயங்களில் தன்னையே சரியாகப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

இடையில் ஒரு வாசிப்பு. கேட்கும், பார்க்கும் ஊடகங்களில் வரும் முகங்களோடு நாம் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956இல் எழுதிய கட்டுரை இந்த மாதிரிப் பேச்சுகளில் அடிக்கடி அடிபடும். அது நேயரைப் பார்த்துப் பேசும் தொகுப்பாளர்களைப் பற்றியது. காஸ் என்னைப் பார்த்து ஒரு சொல் பேசியதில்லை. நான் இனேஜோடு கூரையில் ஒளிந்திருந்து பார்த்தவள். இரண்டும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது.

2021இல் வந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடரையும் ஓட்டிப் பார்த்தேன். காஸாக வரும் ஃப்ரெடி கார்ட்டரின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமரா யார் பக்கமும் சாயாமல் எல்லாரையும் ஒரே தூரத்திலிருந்து பார்க்கிறது.

இப்போது 2016இல் வந்த இரண்டாம் பாகம் 'க்ரூக்கட் கிங்டம்' மேசைக்கு வந்துவிட்டது. அதில் வைலனுக்குச் சொந்த அத்தியாயங்கள் உண்டு. அவனிலிருந்து தொடங்குகிறேன், ஜெஸ்பர் காட்டிய வைலனும் வைலன் காட்டும் வைலனும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மத்தியாஸைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். படித்தவர்களுக்குக் காரணம் தெரியும்.