முதல் ரிப்போர்ட் நார்மல், அடுத்ததில் தைராய்டு குறைவு

என் மகள் 29வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) மூச்சு, எடை, தொற்று என்று நாளுக்கொரு பயம். தைராய்டு எங்கள் நினைப்பிலேயே இல்லை. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) நார்மல் என்று வந்திருந்தது; அந்தத் தாளை ஃபைலில் போட்டுவிட்டோம். குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்கள் அந்தத் தாளோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

எங்களுக்கு வாய்த்த டாக்டர், சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த முறை டிஎஸ்எச் 40-ஐத் தாண்டியிருந்தது, ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோன், குறைவு. 'அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்?' என்று கேட்டேன். அவர் நின்று விளக்கினார். நிறைமாதக் குழந்தைக்குத் தைராய்டு ஹார்மோன் குறைந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி உடனே டிஎஸ்எச்சைக் கூட்டும். டெஸ்ட் பிடிப்பது அந்த ஏற்றத்தைத்தான். குறைமாதக் குழந்தையின் பிட்யூட்டரிக்கு அந்தப் பக்குவம் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஹார்மோன் குறைவாக இருந்தாலும் டிஎஸ்எச் அசையாமல் இருக்கும். ரத்த அழுத்தம் குறையும்போது கொடுக்கும் டோபமைனும் ஸ்டீராய்டும் அதை இன்னும் அமுக்கும். தோலைச் சுத்தம் செய்யும் அயோடின் மருந்து அதிகமாக உள்ளே போனால், பிஞ்சுத் தைராய்டு வேலையையே நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாக் குழந்தைக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. பக்கத்து இன்குபேட்டரில் இருந்த குழந்தைக்கு டி4 மட்டும் குறைவு, டிஎஸ்எச் சரியாக இருந்தது. குறைமாதத்தில் இது அடிக்கடி வருவது, பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்று திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு இரண்டுமே தவறியிருந்ததால் அன்றே மருந்து ஆரம்பம்.

அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். முடியாது. அதிகம் தூங்குவது, மெதுவாகப் பால் குடிப்பது, மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போவது எல்லாம் தைராய்டு குறைவிலும் வரும். குறைமாதம் என்பதாலேயும் வரும். ரத்தம் எடுத்தால்தான் தெரியும். தாமதமானால் பாதிப்பு மூளை வளர்ச்சிக்கு. அதனால் கேட்டுக் கேட்டாவது இரண்டாவது டெஸ்ட்டை எடுக்க வையுங்கள். இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து லெவோதைராக்சின் (சுருக்கமாகத் தைராக்சின்) மாத்திரை. எடைக்கு ஏற்ற அளவு, ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வரை. அப்போது அவள் இரண்டு கிலோ. 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மாவாகிவிடும். அதில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டுக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். ஸ்பூனில் ஒட்டியிருப்பதை இன்னும் சில சொட்டால் கழுவி அதையும் கொடுக்க வேண்டும். அந்த மிச்சமும் டோஸில் சேர்ந்தது. பாட்டிலில் கலந்தால், குழந்தை பாதியில் விட்டால் எவ்வளவு உள்ளே போயிற்று என்றே தெரியாது. முன்கூட்டியே கரைத்து வைப்பதும் கூடாது.

எங்களைப் படுத்தியது மருந்தல்ல, நேரம். குறைமாதக் குழந்தைக்கு இரும்புச்சத்து சொட்டும் கால்சியமும் கட்டாயம் இருக்கும். இரண்டுமே தைராக்சினை உடம்பில் சேரவிடாது. சோயா பாலும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் தைராக்சின், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் வரிசையாக எழுதியிருந்தன, இடைவெளி பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் கேட்டு, காலையில் தைராக்சின், நான்கு மணி நேரம் கழித்தே மற்றவை என்று வைத்துக்கொண்டோம்.

ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் குதிகாலில் குத்தும்போது பார்க்க முடியாது, பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். டி4 முதலில் ஏறியது, டிஎஸ்எச் அதற்குப் பிறகுதான் இறங்கியது. எடை கூடக் கூட டோஸை மாற்றினார்கள். வளர்ச்சியைப் பிறந்த தேதியை வைத்துப் பார்க்காமல், பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் உட்கார்ந்ததும் நடந்ததும் சரியான நேரத்தில்தான்.

இப்போது மூன்று வயதை நெருங்குகிறாள். மூன்று முடிந்ததும், டாக்டர் மேற்பார்வையில் சுமார் நான்கு வாரம் மாத்திரையை நிறுத்தி டெஸ்ட் எடுப்பார்கள். நார்மலாக வந்தால் மருந்து வேண்டாம், கண்காணிப்பு மட்டும். டிஎஸ்எச் ஏறினால் தைராக்சின் தொடரும். தினமும் ஒரு மாத்திரை, அதற்கும் நாங்கள் தயார்தான்.