துடிப்பு இருந்தால் போதாது

தம்பி வாடிப்பட்டிப் பக்கம் வண்டியோடு சறுக்கி விழுந்தது சாயங்காலம் 6.30 மணிக்கு. முழங்காலுக்குக் கீழே முறிவு. ஊர் வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார். மதுரையில் எலும்பு வார்டு நர்ஸ் நான். அன்று நைட் டியூட்டி. 10 மணிக்கு அம்மா போன்.

"ரெண்டு மாத்திரை போட்டும் கேக்கலடி. கட்டை அவுருன்னு கத்துறான். முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்ங்கிறாரு உங்க மாமா."

"கால் விரலை மெல்ல மேலயும் கீழயும் மடக்கிப் பாரும்மா" என்றேன். அவன் அலறியது போனிலேயே கேட்டது.

"முடிச்சை எல்லாம் அறுத்துவிடு, பத்தை ஓரமா கிடக்கட்டும். தலையணை மேல காலைத் தூக்கி வைக்காத, நெஞ்சு மட்டத்துக்கே இருக்கட்டும். வாயில எதுவும் குடுக்காத. 108-க்கு அடி."

வந்தபோது கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகி, தோல் மினுமினுத்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சால் தொட்டேன், தெரியவில்லை என்றான். பாதத்தில் நாடித்துடிப்பு மட்டும் நன்றாக இருந்தது. "அக்கா, ரத்த ஓட்டம் இருக்கே" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

ஏமாறுவது இங்கேதான். தசைகளைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் அழுத்தம் ஏறி முதலில் நுண்ணிய குழாய்கள்தான் அடைபடும். பெரிய நாடி கடைசி வரை துடிக்கும். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் காலை இழக்க வேண்டியதுதான். சுமார் 6 மணி நேரத்துக்குமேல் தசை மீளாமல் சாக ஆரம்பிக்கும்.

டாக்டர் ஊசி குத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். காலுக்குள் 58. பிரஷரில் கீழ் எண் 80. இரண்டுக்கும் இடைவெளி 30-க்குக் கீழே போனாலே ஆபத்து, இவனுக்கு 22. அளக்கும் கருவி இல்லாத இடத்தில் வலியையும் இறுக்கத்தையும் வைத்தே முடிவெடுக்கலாம், எடுக்க வேண்டும்.

11.45-க்குத் தியேட்டர். இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி உறையைத் திறந்ததும் தசை பிதுங்கி வெளியே வந்ததாம். நிறம் சிவப்பு, தொட்டால் சுருங்கியது. உயிர் இருந்தது. காயத்தைத் தைக்காமல் விட்டு, வீக்கம் வடிந்தபிறகு தொடைத்தோல் எடுத்து ஒட்டினார்கள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் இப்போது கையைப் பிடித்துச் சொல்லி அனுப்புகிறேன்: மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீங்க. நடுராத்திரி ஆனாலும் வாங்க, கட்டைப் பிளந்து பார்ப்போம்.