தாளில் ஏறும் கசிவும் தாளில் ஏறாத கசிவும்

கீழக்கரையில் என் நண்பன் வீட்டில் நோன்பு திறப்பதற்காகக் காய்ச்சி ஊற்றும் கடல்பாசியில் இரண்டு துண்டுகள் மிஞ்சி மறுநாள் காலை வரை தட்டிலேயே இருந்துவிட்டால், தட்டின் ஓரத்தில் மெல்லிதாகத் தண்ணீர் கட்டி நிற்கும். துண்டு உருகியிருக்காது, வடிவமும் கெட்டிருக்காது. ஆனாலும் தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரில் ஒரு பகுதியை அது தானாகவே வெளியே தள்ளியிருக்கும். நண்பனின் உம்மா "பாசி தண்ணி விட்டுருச்சு" என்று சொல்லித் தட்டைச் சாய்த்து வடித்துவிடுவார். கடந்த சில மாதங்களாக மண்டபத்தில் உள்ள என் சிறு பட்டறையில் நான் அளந்துகொண்டிருப்பது அந்தத் தண்ணீரைத்தான். என்னிடம் அது வருவது தட்டிலிருந்து அல்ல, எஃகுப் பொடியோடு, அதே பாசியிலிருந்து எடுக்கும் அகரைக் கலந்து டையில், அதாவது உலோக அச்சில், அழுத்தி வார்த்த விரல் நீளப் பாகங்களிலிருந்து.

பொடி உட்செலுத்து வார்ப்பு என்னும் இந்த முறையில், பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு உட்பட்ட உலோகப் பொடியைச் சூட்டில் இளகி அதைப் பிணைத்து வைக்கும் பைண்டரோடு பிசைந்து, பிளாஸ்டிக் சாமான்களை வார்ப்பது போலவே டையில் செலுத்தி, பிறகு பைண்டரை நீக்கிவிட்டு, எஞ்சிய பொடியைச் சூளையில் சுட்டு இறுகச் செய்கிறார்கள். வழக்கமான பைண்டர் மெழுகும் பாலிபுரொப்பிலீனும் சேர்ந்தது. அகரைப் பயன்படுத்தும் வழிக்கு 1988-இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. அகர் ஏறத்தாழ 85 டிகிரியில் இளகும். ஆனால் 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் உறையும். இந்த இடைவெளிதான் அதன் அருமை. பைண்டரில் பெரும்பகுதி தண்ணீரே ஆதலால், மெழுகைக் கரைத்து எடுக்கும் ஹெப்டேனும் தேவையில்லை.

எங்கள் கரையில் இதைச் செய்து பார்க்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவரும் பெண்கள் பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பாசிதான் மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் ஆகிறது. எங்கள் தெருவில் பாசிக்குப் போகும் அக்கா ஒருவரிடம் என் சோதனையைப் பற்றிச் சொன்னபோது, "கஞ்சிப்பாசியக் காய்ச்சி ஆறவச்சா மறுநாள் தண்ணி விடத்தான் செய்யும் தம்பி, அதுக்கு எதுக்குத் தராசு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

தராசு எதற்கு என்பதற்கு விடை, முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒன்றில் இருக்கிறது. அங்கே மெழுகுப் பைண்டரில் வார்த்த ஒரு தொகுதிப் பாகங்களில் கேட்டுக்கு, அதாவது கலவை டைக்குள் நுழையும் வாய்க்கு, அருகே கொப்புளமும் வெடிப்பும் வந்தன. ஒவ்வொரு பாகத்தின் எடையும் வரம்புக்குள் சரியாக இருந்ததால், வார்ப்பில் குறை இல்லை என்று முடிவு கட்டி, பைண்டர் நீக்கும் அடுப்பைக் கவனித்த இளைஞர் மீது பழியைப் போட்டார்கள். பாகத்தை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. அன்றிலிருந்து மொத்த எடை என்னும் ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. பாகத்திலிருந்து வெளியே போகும் கசிவு ஒரு வகை. பாகத்துக்கு உள்ளேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகரும் கசிவு இன்னொரு வகை. இரண்டாவதைத் தராசின் மீது முழுப் பாகத்தையும் வைத்து ஒருபோதும் காண முடியாது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு இடியாப்ப உரலைப் பார்த்தால் போதும். மாவு சற்று இறுகியிருக்கும்போது பலம் கொண்டு அழுத்தினால், மாவு அச்சின் வழியே இறங்குவதற்கு முன்பே, உலக்கையைச் சுற்றி மேலே நீர் கோத்துக்கொள்ளும். டையிலும் அப்படியே. பொடித் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிட்ட பிறகும் அழுத்தம் தொடர்ந்தால், திரவம் மட்டும் துகள்களின் இடுக்குகள் வழியே வடிந்து முன்னேறுகிறது. துகளின் விட்டம் இரு மடங்கானால் அந்த வடிதலுக்கு இடம் தரும் தன்மை நான்கு மடங்காகும். அதனால்தான் பொடி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சற்றுப் பருத்த பொடியை வாங்குகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

என் இயந்திரம் உருளைக்குள் உள்ள கலவையைப் பிளஞ்சர் என்னும் தண்டால் கையால் அழுத்தித் தள்ளும் வகை என்பதால், முதல் கசிவு டையில் அல்லாமல் பிளஞ்சருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அங்கே தேங்கியதைத் துடைத்துப் போடாமல் வழித்து, எடை போட்டு, 110 டிகிரியில் உலர்த்தி மீண்டும் எடை போட வேண்டும். உலர்ந்த பின் கலவைக்கு உரிய அளவில் பொடி எஞ்சினால், அது பிளஞ்சருக்கும் உருளைக்கும் இடையிலான இடைவெளியால் வந்த ஒழுக்கு மட்டுமே. பொருள் வீணாகிறது, ஆனால் உருளைக்குள் உள்ள கலவை மாறவில்லை. பொடி மிகக் குறைவாக எஞ்சினால் அது உண்மையான கசிவு. அப்போது உருளைக்குள் மிஞ்சியிருப்பது இறுகிக்கொண்டே போகும், பத்தாவது பாகம் முதல் பாகத்தைப் போல் இருக்காது. ஒழுக்கையும் கசிவையும் ஒரே சொல்லால் குறிப்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. என் உருளையில் வந்தது இரண்டும் கலந்தது. பிளஞ்சரின் வளையத்தை மாற்றியதும் ஒழுக்கு நின்றது, கசிவு நிற்கவில்லை.

அடுத்து, வார்த்தெடுத்த பாகம் தானே விடும் தண்ணீர். முதலில் மை உறிஞ்சும் ஒற்றுத்தாளின் மேல் பாகத்தை வைத்து, தாள் எவ்வளவு எடை கூடுகிறது என்று பார்த்தேன். தாள் கூடியதைவிடப் பாகம் இழந்தது எப்போதும் அதிகமாக இருந்தது. மிச்சம் காற்றில் ஆவியாகப் போயிருந்தது. காற்றின் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தலாம் என்று, வாலிநோக்கம் உப்பைக் கரைத்துத் தெவிட்டிய கரைசலை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தேன். சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசல் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும் என்பது நன்கு அறிந்த செய்தி. ஆனால் பாத்தியிலிருந்து வந்த உப்பை அப்படியே போட்டால் அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு அந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும் என்பதால், உப்பைக் கழுவிய பிறகே பயன்படுத்தினேன். இவ்வளவு செய்தும் பயனில்லை, ஏனென்றால் 75 சதவீதத்திலும் நனைந்த தாள் காய்ந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் பெட்டிக்குள் ஈரத் துணியைச் சுற்றி வைத்து, மூன்று பொருள்களை ஒன்றாக அடைத்தேன்: தாள் மேல் ஒரு பாகம், நூலில் தொங்கும் ஒரு பாகம், எதுவும் வைக்காத வெறும் தாள். தொங்கும் பாகம் ஆவியாதலையும், வெறும் தாள் தானே உறிஞ்சும் ஈரத்தையும் காட்டிக் கொடுக்கும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது கசிவு. அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. தாள் சும்மா வாங்கிக்கொள்வதில்லை, நுண்துளைகளால் இழுக்கிறது. ஆகவே அது தரும் எண், பாகம் தானாக விட்டிருக்கக்கூடியதைவிட அதிகமானதே தவிரக் குறைவானதல்ல.

தாளில் ஏறாத கசிவைக் காண, வார்த்த உடனேயே பாகத்தை மெல்லிய கத்தியால் கேட் பக்கம், நடு, நுனி என மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் இருக்கிறது என்று உலர்த்திப் பார்க்க வேண்டும். மெழுகுப் பைண்டராக இருந்தால் இதற்கு நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி எடை பார்க்கும் கருவி வேண்டும். காற்றில் சூடாக்கினால் எஃகுப் பொடி ஆக்சிஜனை ஏற்று எடை கூடிக் கணக்கைக் கெடுக்கும். நீர் என்பதால் சாதாரண அடுப்பு போதும். எவ்வளவு நுட்பம் தேவை என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. எஃகின் அடர்த்தி 7.9, கலவையின் கன அளவில் பொடி 56 சதவீதம் என்றால், எடையில் பைண்டர் ஏறத்தாழ 9.05 சதவீதம். நீர் வெளியேறிப் பொடி 57 சதவீதம் ஆனால் அது 8.72 ஆகும். அதாவது 5 கிராம் துண்டில் வேறுபாடு வெறும் 16 மில்லிகிராம்.

இந்த ஒரு சதவீதத்துக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு வார்த்த பாகம், சூளையில் முழு அடர்த்தியின் 97 சதவீதத்தை எட்டும்போது, பொடி 56 சதவீதமாக இருந்தால் 33.3 மில்லிமீட்டராகவும், 57 ஆக இருந்தால் 33.5 மில்லிமீட்டராகவும் சுருங்கும். ஒரே பாகத்தின் கேட் பக்கம் ஒரு விதமாகவும் நுனி இன்னொரு விதமாகவும் சுருங்கினால் பாகம் கோணாமல் என்ன செய்யும்?

16 மில்லிகிராமைக் காண, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் நகைத் தராசு போதுமானது, காற்று விட்டால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவைச் சாத்தினாலும் தராசின் எண் நிலைகொள்ளாது; அதன் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்த பிறகே ஓரளவு அடங்கியது. வெயில் காலத்தில் பட்டறையின் சூடே அகர் உறையும் சூட்டை நெருங்கிவிடுவதால், மீனுக்கு ஐஸ் உடைக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் வாங்கி, அந்தத் தண்ணீரை டைக்குள் ஓடவிடுகிறேன். மெதுவாக உறையும் பாகத்தில் திரவம் நகர்வதற்கு அவகாசம் கூடுதல்.

ஆனால் என்னை உண்மையில் ஏமாற்றியது காற்று அல்ல, உலர்ந்த அகர். என் கலவையில் எடைக்கு ஒன்றரை சதவீதம் அகர். 5 கிராம் துண்டில் 75 மில்லிகிராம். உலர்ந்த அகர் எங்கள் கடற்கரைக் காற்றில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலே ஏழரை மில்லிகிராம் கூடிவிடும். நான் தேடும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி அது. அடுப்பிலிருந்து எடுத்த துண்டுகளை மேசையில் ஆறவைத்து, வரிசையாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் கேட் துண்டை முதலிலும் நுனித் துண்டைக் கடைசியிலும் போட்டதால், கடைசித் துண்டு அதிக நேரம் காற்றில் இருந்து, அதிகம் ஈரம் ஏற்று, உண்மையில் விட்டதைவிடக் குறைவாக நீர் விட்டதாகக் காட்டியது. நுனியில் நீர் அதிகம் இருக்க வேண்டும் என்பதே நான் தேடிய அடையாளம். அதைத்தான் என் வரிசை அழித்துக்கொண்டிருந்தது. கேட்டும் நுனியும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று மகிழ்ந்து, டை நிரம்பிய பின் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் குறைக்கத் தேவையில்லை என்று நோட்டில் எழுதியும் வைத்தேன்.

இப்போது துண்டுகள் சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் மூடி ஆறுகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றி எடை போடுகிறேன். கேட் பக்கம் காய்ந்தும் நுனி நீர் மிகுந்தும் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் குறைத்தால் அந்த வேறுபாடும் குறைகிறது. நோட்டில் பழைய பக்கங்கள் பதினொன்றைக் குறுக்கே கோடிட்டு அடித்திருக்கிறேன். அந்தப் பாகங்கள் எல்லாம் அப்போதே காய்ந்துவிட்டன. மறுபடி அளக்க வழியில்லை என்பதால், அதே அழுத்தங்களில் முதலிலிருந்து வார்த்துக்கொண்டிருக்கிறேன்.