எந்த லைனு நீங்க?

பொண்ணு ஸ்கூல்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அதுல சொந்த ஊர்னு ஒரு கட்டம், அத பாத்துட்டு பேனாவ புடிச்சிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கொள்ளுத்தாத்தாவ கேட்டா குடியாத்தம் பக்கம்னு சொல்லியிருப்பாரு, தாத்தா சாம்பியன் ரீஃப்ம்பாரு, நைனா கேஜிஎஃப்ம்பாரு, அதான் கோலார் தங்க வயல், சாம்பியன் ரீஃப் அதுல ஒரு மைன்ஸ். நான் ஆபீஸ்ல பெங்களூருன்னே சொல்லிடறது, கேஜிஎஃப்னு வாய தொறந்தா உடனே சினிமா டயலாக் பேச ஆரம்பிச்சிடறானுங்க.

கொள்ளுத்தாத்தா நெலம் இல்லாதவரு. வட ஆற்காடு ஜில்லால இருந்து அவர மாதிரி சேரி ஜனங்க கூட்டம் கூட்டமா தங்க மைன்ஸுக்கு போன காலம், வெள்ளக்காரன் திட்டினாலும் கூலி காசா கைல வரும்ல. 1930ல எல்லாரும் கைரேகை வெக்கணும்னு கம்பெனி சொன்னப்ப, நாங்க என்ன கேடிங்களான்னு ஆளுங்க ஸ்ட்ரைக்ல எறங்கிட்டாங்க, அதுல இவரும் ஒருத்தர்.

தாத்தாவுக்கு பெரும வேற. பெங்களூருக்கு 1905லதான்டா லைட்டு, எங்களுக்கு சிவசமுத்திரத்துல இருந்து 1902லயே கரண்ட் வந்துச்சும்பாரு. ஆயா அடுப்படில இருந்தே, "ஆமாமா, மெஷினுக்கும் தொர பங்களாவுக்கும் வந்துச்சு, நான் கல்யாணமாகி வந்தப்ப நம்ம லைன் வூட்டுல மண்ணெண்ண வெளக்குதான் எரிஞ்சுது"ம்பாங்க. லைன்னா மைன்ஸ் ஆளுங்களுக்கு வரிசையா கட்டுன வீடுங்க. தாத்தா கேக்காத மாதிரி பீடி தேடுவாரு.

சாம்பியன் ரீஃப்ல ஆழம் மூணு கிலோமீட்டருக்கும் மேல. ஷாஃப்ட்னு நேரா கீழ போற குழில, கேஜ்னு ஒரு லிஃப்ட்ல எறங்கி, அங்கேந்து நடந்து, மறுபடி இன்னொரு கேஜ்ல எறங்கணும், கீழ பாறையே கொதிக்கும், பனியன புழிஞ்சு புழிஞ்சு போட்டுப்பாராம். அவ்ளோ ஆழத்துல பாறை இறுகி இறுகி திடீர்னு வெடிக்கும், ராக் பர்ஸ்ட். மேல வீட்டுல பலகைல அடுக்குன அலுமினிய தட்டு கடகடன்னு ஆடும். ஆயா தட்ட புடிக்க மாட்டாங்க, மொதல்ல கடிகாரத்ததான் பாப்பாங்க, இப்ப எந்த ஷிஃப்ட் கீழ இருக்குன்னு. நம்ம ஆளு ஷிஃப்ட் இல்லன்னாலும் நிம்மதி கெடையாது, பக்கத்து வீட்டுக்காரம்மா வாசல்ல நிப்பாங்களே, அவங்க மூஞ்சிய எப்படி பாக்கறது.

தாத்தா வெடிச்சு சாவல. கல்லுத்தூசி நெஞ்சுல எறங்கிடுச்சு, சிலிகோசிஸ். கடைசி ரெண்டு வருஷம் படுக்கவே முடியாம செவுத்துல தலகாணிய வெச்சு சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்கினாரு.

அது தெரிஞ்சும் நைனா அதே மைன்ஸுக்குதான் போனாரு, வேற என்ன இருந்துச்சு அங்க. 2001 பிப்ரவரி 28ம் தேதி மூடிட்டாங்க. அப்ப அவருக்கு நாப்பத்தாறு வயசு, தெரிஞ்ச ஒரே வேல ட்ரில்லிங். செட்டில்மென்ட் காசு அக்கா கல்யாணத்தோட போச்சு, அப்புறம் விடியறதுக்கு முன்னாடி டிஃபன் பாக்ஸோட மாரிக்குப்பம் ட்ரெயின்ல ஏறி அவ்ளோ தூரம் வந்து இங்க பெங்களூருல ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி வேல, ராத்திரி திரும்ப அதே ட்ரெயின், பல வருஷம். நான் வேலைக்கு வந்தப்புறம் கே.ஆர்.புரத்துல வீடு எடுத்ததுக்கு ஒரே காரணம் அந்த ட்ரெயின் அங்க நிக்கும்.

போன மாசம் பாப்பாவ கூட்டிட்டு போயிருந்தேன். சைனைடு மேட்ட பாத்துட்டு இது என்ன மலைப்பான்னு கேட்டுச்சு, தங்கம் எடுத்தப்புறம் மிஞ்சின மண்ணுன்னேன், இவ்ளோவான்னுச்சு. எங்க பழைய லைன் வீட்டுல இப்ப வேற யாரோ இருக்காங்க, தகர கூரை அப்படியே இருக்கு. பக்கத்து வீட்டு கெழவி ஒண்ணு வெளிய வந்து பாப்பா கன்னத்த புடிச்சு "எந்த லைனும்மா நீங்க?"ன்னு கேட்டுச்சு. பாப்பா என்னைய பாத்துச்சு, அப்புறம் நம்ம அபார்ட்மென்ட் அட்ரஸ ஒப்பிக்கற மாதிரி "சி பிளாக்"னுச்சு.

கெழவி கொஞ்ச நேரம் யோசிச்சுது. "சி பிளாக்கா... அது எந்த ஷாஃப்ட்டாண்ட கீது?"