உவமையைக் கண்டுபிடித்தால் மட்டும் மார்க் வராது

பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் இரண்டாம் வருஷம், இன்டர்னல் தேர்வு. 'வொண்டர்' நாவலில் வரும் அணிகளைப் பற்றி 10 மார்க் கேள்வி. 2012-ல் வந்த ஆர்.ஜே. பலாசியோவின் நாவல் அது. வேறு மாதிரியான முகத்தோடு பிறந்த ஆகஸ்ட் புல்மன், ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே அவன் படும் பாடுதான் கதை. எனக்குப் பிடித்த புத்தகம் என்பதால் குஷியாக எழுதினேன். சிமிலி (உவமை) ஏழு, மெட்டஃபர் (உருவகம்) ஐந்து, அல்யூஷன் (வேறொன்றை மறைமுகமாகச் சுட்டுவது) மூன்று என்று பக்கம் பக்கமாக அடுக்கினேன். கிடைத்தது நாலு மார்க். ஓரத்தில் மேடம் சிவப்பு மையில், தமிழிலேயே எழுதியிருந்தார்: "சரி, இருக்கு. அதனால என்ன?"

அந்தப் பேப்பரோடு காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அம்மா நெத்திலி காயப்போட்டிருந்தார். எங்கள் வீட்டில் கருவாட்டு வியாபாரம். காக்காய் விரட்டுவது என் வேலை. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் பேப்பர். அப்போதுதான் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

முதலில் "கருவாடு மாதிரி நாறுறான்டா" என்றுதான் ஓட்டினார்கள். அது உவமை. 'மாதிரி' இருக்கிறவரைக்கும் நான் ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம். ஒரு மாதத்தில் அந்த 'மாதிரி' உதிர்ந்துபோனது. வகுப்புக்குள் நுழைந்தாலே "கருவாடு வந்துடுச்சு". தமிழ் ஐயா உவமையாகுபெயருக்கு 'காளை வந்தான்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார், நினைவிருக்கிறதா? ஆளைச் சொல்லாமல் காளையை மட்டும் நிறுத்துவது. அதிலாவது 'வந்தான்' என்று உயர்திணை மிச்சமிருக்கிறது. என் வகுப்பில் அதையும் விட்டுவைக்கவில்லை, 'வந்துடுச்சு'.

மேடம் கேட்ட 'அதனால என்ன' எனக்கு அங்கேதான் விளங்கியது. அணியைச் சொல்வது ஒரு ஆள், அது போய் விழுவது இன்னொரு ஆள்மேல். இந்த இரண்டு பேரையும் நான் எழுதவே இல்லை.

திரும்ப நாவலை எடுத்தேன். அதில் 'பிளேக்' என்று ஒரு விளையாட்டு வரும். ஆகஸ்ட்டைத் தெரியாமல் தொட்டுவிட்டால் 30 வினாடிக்குள் கை கழுவ வேண்டும், அல்லது சானிடைசர் தேட வேண்டும். இல்லாவிட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும். என் பழைய விடையில் இதற்கு 'மெட்டஃபர்' என்று ஒரே வரி. ஆனால் இது யாரோ ஒரு பையன் வாயில் வந்த வசவு இல்லை. விதிமுறை, நேரக்கணக்கு எல்லாம் வைத்துக் கும்பலாக விளையாடுகிறார்கள். பையன் காணாமல் போய் நோய் மட்டும் நிற்கிறது, கருவாடு நின்ற மாதிரி. இதை நமக்குச் சொல்வது அவனோடு போய் உட்கார்ந்து சாப்பிடும் சம்மர் என்ற பெண். நாவலில் எட்டுப் பகுதிகள், கதை சொல்கிறவர்கள் ஆறு பேர். ஆகவே எந்த அணி யார் பகுதியில் வருகிறது என்று பென்சிலில் குறித்துக்கொண்டே படியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஆகஸ்ட்டோடு படிக்கும் ஜூலியன் செய்வது இன்னும் நுட்பம். ஸ்டார் வார்ஸில் முகம் சிதைந்துபோன டார்த் சிடியஸ் பற்றி ஆகஸ்ட்டிடம் பேச்சுக் கொடுக்கிறான். ஆகஸ்ட்டுக்குச் சுருக்கென்று தைக்கிறது. யாராவது கேட்டால், "படத்தைப் பத்திதானே பேசினேன்" என்று தப்பித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் அல்யூஷன், எங்கள் ஏரியாவில் ஜாடை பேசுறது.

ஆகஸ்ட்டின் அக்கா வியாவின் பகுதி சூரியக் குடும்பத்தோடு தொடங்கும். ஆகஸ்ட் சூரியன், அம்மா, அப்பா, அவள் எல்லாரும் சுற்றிவரும் கிரகங்கள். 'குடும்பத்தின் அன்பைக் காட்டுகிறது' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். கிரகம் நினைத்தாலும் சூரியனை விட்டுப் போக முடியாது. சூரியனோ யாரையும் சுற்றுவதில்லை. பாசமும் மனத்தாங்கலும் ஒரே உருவகத்துக்குள் இருக்கின்றன. அந்த மனத்தாங்கலைத் தொட்டு எழுதினால் மார்க் ஏறும் என்பது என் அனுபவம். சுற்றாத ஒரே ஜீவன் டெய்சி என்ற நாய். அதற்கு மனுஷ முகமெல்லாம் ஒன்றுதான்.

10 மார்க்குக்கு மூன்று அணி போதும், பதினைந்து வேண்டாம். மேற்கோளை முழு வாக்கியமாக மனப்பாடம் செய்ய வேண்டாம், நாலைந்து சொல் சரியாக இருந்தால் போதும். நான் விடையை முதலில் மாடியில் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வராத இடம் எனக்கே புரியாத இடம். இங்கிலீஷ் அப்புறம்தான்.

செமஸ்டரிலும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் வந்தது. 'பிளேக்'குக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஓடியது, ஜூலியனுக்கு அரைப் பக்கம். வியாவின் கிரகங்களை முடித்து டெய்சியைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.